இசக்கியம்மாள் கேட்ட நூல்

மரியசூசைக்கு நாற்பத்தெட்டு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட செண்பகவல்லிக்கு நாற்பத்தொன்று.

பத்தொன்பது வருடம் பம்பு செட் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர் மரியசூசை. அஞ்சல் வழியில் நூலகவியல் படித்துத் தேர்வெழுதி, தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் உதவி நூலகராகச் சேர்ந்தார். செண்பகவல்லி அங்கே நூலகர். முதல் நாளே அவர் முன்னால் போய் நின்றார்.

"இந்த வேலை எனக்குப் பாடப் புத்தகத்துல படிச்ச அளவுதான் தெரியும், மேடம். நீங்கதான் சொல்லித் தரணும்."

செண்பகவல்லி அவர் காலைப் பார்த்தார்.

"முதல்ல இந்த ஷூவை மாத்துங்க சார். இங்க நாள் பூரா நடக்கணும்."

அடுத்த வருடம் பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் போடும் மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. ஐந்து வருடக் கணக்கையும் தொகுத்து அறிக்கை எழுதும் வேலை மரியசூசையிடம் வந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினார். வாசலில் இருக்கும் கருவி எண்ணிய வருகைகள், இரவல் போன நூல்கள், நாற்காலிகள், கணினிகள் எல்லாம் வந்துவிட்டன. படிக்க வந்தவர்கள் நிரப்பிக் கொடுத்த கருத்துப் படிவங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் 'நன்று' அல்லது 'மிக நன்று' என்று போட்டிருந்தார்கள்.

செண்பகவல்லி கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"கணக்கு சரியா இருக்கு."

"எனக்குத்தான் திருப்தி இல்ல, மேடம். பம்புன்னா ஓட விட்டுப் பார்த்தாலே தெரிஞ்சிரும். ஒரு நூலகம் நல்லா இருக்கா இல்லையான்னு எதை வச்சுச் சொல்றது?"

செண்பகவல்லி கோப்பு ஒன்றைத் திறந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார்.

"இந்த நூலைக் கொண்டு வாங்க."

இரண்டு வருடத்துக்கு முந்தைய சீட்டு. இசக்கியம்மாள் என்ற ஆராய்ச்சி மாணவி கேட்டிருந்தார். கடலோரக் கிணறுகளின் நீரைச் சோதித்து 1936-இல் அச்சிட்ட அறிக்கை அது. கீழே மூன்று தேதிகள். மூன்றுக்கும் நேராக, 'தேடியாச்சு. இல்லை.'

மரியசூசை கணினியில் பார்த்தார். 'நூலகத்தில் உள்ளது' என்றது. பொருள் வகை எண் 628. அந்த அலமாரியில் இல்லை. உதவியாளர் பலவேசத்திடம் சீட்டைக் காட்டினார்.

"இதுவா சார்? ஒரு பிள்ளை வந்து வந்து கேக்கும். ஏணி போட்டு மேல்தட்டு வரை பார்த்துட்டேன். இல்லவே இல்ல."

முதல் நாள் அந்த வரிசை முழுவதும் தேடினார். மறுநாள் பைண்டிங் அறை. அதற்கடுத்த நாள், கழித்துப் போட்ட நூல்கள் கிடக்கும் கிடங்கு. தூசியில் தும்மி மூக்கு சிவந்துபோயிற்று. நாலாம் நாள் ஒரு தாளில் அந்த எண்ணை முன்னும் பின்னுமாக மாற்றி எழுதிப் பார்த்தார். 682-க்குப் போனார். கொல்லுப்பட்டறை பற்றிய நூல்கள் இருக்கும் இடம். அடித்தட்டில், சுவரோரமாக அது இருந்தது. முதுகில் ஒட்டிய சீட்டை அடித்தவர் கை தவறி எண்ணை மாற்றிவிட்டிருந்தார்.

ஏறக்குறைய ஓடிக்கொண்டே வந்தார்.

"கிடைச்சிருச்சு மேடம்!"

"யாருக்கு?" என்றார் செண்பகவல்லி.

மரியசூசை கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு நூலைத் தன் பெயரில் இரவலாகப் பதிந்துகொண்டு, துறை அலுவலகத்துக்கு நடந்தார். அந்த மாணவி போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது என்றார்கள். முகவரி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். ஒன்றரை மணி நேரப் பயணம். கடைசி அரை மணி நேரம் இருபுறமும் உப்பளம்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் ஒரு கடையில் இசக்கியம்மாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். மரியசூசை தன்னை யாரென்று சொல்லி நூலை மேசைமேல் வைத்தார்.

இசக்கியம்மாள் அட்டையில் இருந்த தலைப்பைப் படித்தார். பிறகு பொருளடக்கத்தைப் பார்க்காமலே பின்பக்கத்து அட்டவணைகளுக்குப் போனார். விரல் ஒரு வரியில் நின்றது.

"எங்க ஊர்க் கிணறு சார். அப்போ நல்ல தண்ணிதான் இருந்திருக்கு."

"உங்க ஆராய்ச்சி இதைப் பத்தியா?"

"எப்போலருந்து உப்பாச்சுன்னு. நாப்பது கிணத்துல நானே தண்ணி எடுத்துச் சோதிச்சு வச்சிருந்தேன். ஒப்பிடறதுக்குப் பழைய அளவு வேணும்ல? இது இல்லாம நகர முடியல. கைடு தலைப்பை மாத்தச் சொன்னார். எனக்கு மனசு வரல. கடைசில காலம் முடிஞ்சிருச்சுன்னு பதிவை எடுத்துட்டாங்க."

"எத்தனை தடவை வந்து கேட்டீங்கம்மா?"

"ஏழு தடவை. சீட்டுல மூணுதான் இருக்கும்."

"சரியா பதில் சொல்லாம விரட்டினாங்களா?"

"ஐயய்யோ, அப்படி இல்ல சார். நல்லாத்தான் பேசுனாங்க. பலவேசம் அண்ணன் பாவம், அந்த வயசுல ஏணியில ஏறித் தேடினார். கருத்துப் படிவம் குடுத்தப்போ அவர் முகத்துக்காகவே 'மிக நன்று'ன்னு போட்டேன்."

சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தோடு ஒருவர் வந்து நின்றார். இசக்கியம்மாள் கணினிப் பக்கம் திரும்பினார்.

"இரவல் என் பேர்ல இருக்கு. நீங்க வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு மரியசூசை வெளியே வந்தார்.

திரும்பும் பஸ்ஸில் பையிலிருந்த அறிக்கையை எடுத்தார். வாசல் கருவியின் கணக்கில் இசக்கியம்மாள் ஏழு வருகைகளாக இருந்தார். தொண்ணூற்று நாலு பேரிலும் அவர் இருந்தார். அவர் விட்டுப்போன ஆராய்ச்சியை எந்தப் பக்கத்திலும் காணோம். ஊர் வரும்வரை மரியசூசை பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை நடந்ததையெல்லாம் சொன்னார். முழுவதும் கேட்ட செண்பகவல்லி தொலைபேசியை எடுத்துத் துறைத் தலைவரிடம் பேசினார். பிறகு ஆராய்ச்சிப் பிரிவில் யாரிடமோ அரை மணி நேரம் வாதாடினார்.

"மறுபடி சேர்த்துக்க விதி இருக்காம்" என்றார் போனை வைத்துவிட்டு. "தாமதத்துக்கு அந்தப் பிள்ளை காரணமில்லன்னு நூலகம் எழுத்துல குடுக்கணும். நீங்களே அடிங்க."

மரியசூசை கணினி முன்னால் உட்கார்ந்தார். அடிக்கவில்லை.

"இது கோப்புல ஏறும், மேடம். குழு கேட்டா காட்டித்தான் ஆகணும். நமக்கு மதிப்பெண் குறையும்."

"குறையும்."

மரியசூசை விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு அடிக்கத் தொடங்கினார். நூல் எந்த ஆண்டு முதல் நூலகத்தில் இருக்கிறது, சீட்டில் எண் எப்படி மாறியது, மாணவி எந்தெந்தத் தேதிகளில் கேட்டார் என்று மூன்று வரி. நாலாவது வரியோடு முடித்துவிட்டு நாற்காலியை நகர்த்தினார்.

செண்பகவல்லி நின்றபடியே திரையைப் படித்தார். நாலாவது வரியில் விரலை வைத்தார்.

"'நூல் இல்லை எனத் தெரிவிக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கீங்க. 'இல்லை என்று சொன்னோம்'னு மாத்துங்க."