ஆளில்லா வீட்டின் முறை

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஓடைத் தண்ணீர் ஒரே வாய்க்காலில் வந்து வயல்களுக்கு முறைவைத்துப் பாயும். ஆனியில் நிலத்துக்கு ஒரு பங்காக வாய்க்காலைத் தூர் வெட்டும்போது, அந்தந்தப் பங்கின் முதல் கூடை மண்ணை எறிகையில் யார் பெயர் சொல்லப்படுகிறதோ அவர் நிலத்துக்கு அந்த வருஷம் முறை உண்டு. பெயர் விழாத நிலத்தின் தண்ணீர் ஊருக்குப் பொது.

கோயம்புத்தூர்க்காரர் முகுந்தன் அங்கே நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தார். விடுமுறைக்கு வருவார், மற்ற நாளெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும். வாய்க்கால் வெட்டு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. தண்ணீர் பத்திரத்தோடு வந்தது என்று நினைத்திருந்தார். அவர் பங்கை வெட்டியவள் பக்கத்து வயல்காரி ஒச்சம்மாள். அவர் பெயரைச் சொல்லித்தான் மண்ணை எறிந்தாள். அவர் வராத நாட்களில் அந்தத் தண்ணீர் அடுத்திருந்த அவள் வயலில் இறங்கியது.

ஊர் சார்பில் மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சி மொக்கையனிடம் அவள் ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"அவர்கிட்ட சொல்லிராதீங்க மாமா. தண்ணிக்கு ஆசைப்பட்டு வெட்டுனேன்னு ஆயிரும்."

அவரும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

ஆவணியில் மழை பொய்த்தது. ஒச்சம்மாளின் நெல் பால் பிடிக்கும் நேரம். அன்று தண்ணீர் பாயாவிட்டால் எல்லாம் பதர். அவள் வீட்டுக்கு வருஷச் சோறு அதுதான். அன்றைக்கென்று முகுந்தன் வந்திருந்தார். அவர் வைத்த மாங்கன்றுகள் வாடித் தலை சாய்ந்திருந்தன.

அன்று முகுந்தனின் முறை என்பதால் மொக்கையன் அவர் பக்கத்து மடையைத் திறந்தார். ஒச்சம்மாள் இறங்கி மடைவாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு ஏறியது.

"எந்திரிங்க. இத்தனை நாள் என் தண்ணியை எடுத்தீங்க, ஒரு வார்த்தை கேட்டேனா?" என்றார் முகுந்தன்.

"உங்க தண்ணியா? மழைக்கும் சேத்துப் பத்திரம் போட்டுட்டீகளா சார்?"

கரையில் ஆட்கள் மம்பட்டியோடு கூடிவிட்டார்கள். முறை அவருடையதுதான், எழுந்திரு என்று மட்டும் மொக்கையன் சொன்னார். அவள் அசையவில்லை. முகுந்தன் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கினார்.

தன் தண்ணீரைக் கேட்டவர், முறைப்படி மடை திறந்தவர், குறுக்கே உட்கார்ந்தவள்: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: எவருமில்லை. அவள் பெயர் சொல்லியிராவிட்டால் முகுந்தனுக்கு முறையே கிடையாது. அவர் நிலம் இல்லாவிட்டால் அவள் சொல்வதற்குப் பெயரும் கிடையாது. நிலம் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது; ஆகவே தண்ணீர் பாதிப் பாதி. அப்படிப் பிரித்திருந்தால் கன்றுகள் பிழைத்திருக்கும், நெல்லும் ஓரளவு தேறியிருக்கும். இரண்டு பக்கமும் தெரிந்து, அதைச் சொல்லக்கூடியவர் மொக்கையன் ஒருவர்தான். அவர் ஒச்சம்மாளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அவள் வயலைக் காப்பாற்றவில்லை.