சமையற்காரனுக்குப் பெரிய எழுத்து

வேங்கைமங்கலம் மகாராஜா மகுடதரர் மூன்று மாதமாக இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தார். அதனால் அரண்மனையே படாத பாடு பட்டது.

அன்று சபையில் அவர் கையில் ஒரு கடிதம் படபடத்தது. சமஸ்தானத்துக் கடிதங்களையெல்லாம் எழுதும் ராயசம் தெய்வச்சிலை, கவர்னர் துரைக்கு இங்கிலீஷில் எழுதியது.

"பார்த்தீர்களா மகாராஜா?" என்று எடுத்துக்கொடுத்தார் திவான் சங்குமுத்து. ராயசத்தை விரட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்தவர். "துரைக்கு விருந்து சமைக்கப் போகும் மாடக்கண்ணுவுக்குப் பெரிய எழுத்து. தங்களைச் சொல்லும் 'கிங்'குக்குச் சின்ன எழுத்து! நான் எழுதியிருந்தால் இப்படி நடக்குமா? நான் பழகாத துரையா? நான்..."

"ஓய் ராயசம்!" மகாராஜா இரைந்தார். "கரண்டி பிடிக்கிறவன் பெரியவன், செங்கோல் பிடிக்கிற நான் சின்னவனா? சரியான பதில் சொல்லும். இல்லாவிட்டால் பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விடும்."

தெய்வச்சிலை தம் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், பந்தக்கால்கூட நட்டாயிற்று. ஆனாலும் சிரித்த முகத்தோடு ஜன்னலருகே போனார். கீழே சந்தைத் தெரு.

"ராஜா!" என்று ஓங்கிக் கத்தினார்.

"என்னய்யா?" என்று நிமிர்ந்தார் ஒரு முறுக்கு வியாபாரி. "உன்னைத்தான்டா கூப்பிடறாங்க, என் ராஜா!" என்று இடுப்புக் குழந்தையைக் கொஞ்சினாள் ஒரு தாய். "என் மாட்டையா கூப்பிட்டீங்க?" என்று வண்டியை நிறுத்தினான் ஒருவன்.

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகாராஜாவின் மீசை துடித்தது.

தெய்வச்சிலை மூச்சை இழுத்துவிட்டு மறுபடி கத்தினார்: "மகுடதரா!"

தெருவே கப்சிப். சிம்மாசனத்திலிருந்து மகாராஜா துள்ளி எழுந்தார். "என்ன திமிர் இருந்தால் என் பேரைச் சொல்லி..."

"ஒரே ஒருவர்தான் எழுந்தார், மகாராஜா," என்று கைகட்டி நின்றார் ராயசம். "ராஜா என்பது பொதுப்பெயர். அதற்குச் சின்ன எழுத்து. மகுடதரர் தங்களுக்கே உரிய சிறப்புப்பெயர். கடிதத்தில் அதற்குப் பெரிய எழுத்துதான், பாருங்கள். மாடக்கண்ணுவையும் 'குக்' என்று எழுதினால் சின்ன எழுத்துதான்."

மகாராஜா எழுத்துக்கூட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

திவான் விடவில்லை. "பெயராக இல்லாத எந்தச் சொல்லுக்கும் அந்த மரியாதை கிடையாதோ?"

"ஒன்றுக்கு உண்டு. வாக்கியத்தில் எந்த மூலையில் போட்டாலும் பெரிய எழுத்தாகத்தான் நிற்கும். 'ஐ'. தமிழில் சொன்னால், 'நான்'. அது தங்கள் வாயைவிட்டு இறங்குவதே இல்லையே!"

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "ராயசம், உம் பெண் கல்யாணத்துக்குச் சீர் என்னுடையது. சமையல் மாடக்கண்ணு!"

திவானுக்குப் பொறுக்கவில்லை. "நானா அப்படிப் பேசுகிறேன்? நான் ஒருநாளும்..."

"இரண்டும் பெரிய எழுத்து, மகாராஜா," என்றார் தெய்வச்சிலை.