ரசமட்டம் வைத்த சத்தப் பலகை

மேட்டுவலசுக் கல்யாண மண்டபக் கமிட்டியில் மூன்று பேர். மூவருக்கும் மூளை இருந்தது. அடிக்கடி எடுத்தால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள். ஊரும் அவர்களையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது. ஊரிலும் அதே சிக்கனம்தான்.

செயலாளர் சென்னியப்பனுக்கு மட்டும் அந்த வாரம் தூக்கம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை அவர் மகள் கோகிலாவுக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். சம்பந்தி ராக்கியண்ணனோ, இலையில் அப்பளம் நொறுங்கியிருந்தது என்று சொந்தத் தம்பி கல்யாணத்திலிருந்தே எழுந்து போனவர். அவரிடம் மானம் போகாமல் மகளைக் கரையேற்ற வேண்டும்.

மண்டபத்தில் ஒரு கோளாறு. மேடை மைக்கும் சமையல்கட்டு மைக்கும் ஒரு பலகைக்கு வந்து, அங்கிருந்து கூடத்திலும் சமையல்கட்டிலும் இருந்த ஒலிபெருக்கிகளுக்குப் பிரிந்தன. பலகையில் இரண்டு வரிசைத் துளைகள். மேல் வரிசையில் சத்தம் உள்ளே வரும். கீழ் வரிசை வழியாக வெளியே போகும். ஒயரைச் சொருகிப் பாதையை மாற்றாவிட்டால், சமையல்கட்டில் பேசுவது தானாகவே கீழே இறங்கிக் கல்யாணக் கூடத்தில் முழங்கும். போன முகூர்த்தத்தில், "மாப்பிள்ள ஊட்டுக்காரங்களுக்குப் பழைய வடையவே வையிடா" என்று சமையல்கார மயிலப்பன் சொன்னது, சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் கூடம் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் பஸ் ஏறிவிட்டார்கள்.

சமையல்கட்டு மைக்கை அணைத்து வைத்திருக்கலாம். ஆனால் அதன்மேல் 'உபயம்: தலைவர் மாரப்பன்' என்று எழுதியிருந்தது. தலைவர் பெயரை யார் அணைப்பது?

பலகையைப் பொருத்திய கோயம்புத்தூர்க்காரருக்குச் சென்னியப்பன் போன் போட்டார்.

"ரொம்பச் சுலபமுங்க," என்றார் அவர். "சமையல்கட்டுத் துளைக்குப் பின்னால ஒரு சின்ன ஒயர் மேலிருந்து கீழ போகும். அத அறுத்து உட்ருங்க. அப்புறம் நீங்க சொருகினாத்தான் சத்தம் போகும்."

தலைவர் மாரப்பன் காதைப் பொத்திக்கொண்டார். "தாலி கட்டற எடத்துல அறுக்கச் சொல்றானே, பாவி!"

"வாயில கூடச் சொல்லப்படாதுங்க," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் பொருளாளர் நாச்சிமுத்து. பின்கட்டில் பூசணிக்காயை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அது கமிட்டியின் பார்வைக்கு வரவில்லை.

"அறுக்காம நிறுத்தோணும்," என்றார் மாரப்பன். "சத்தம் எதுக்குக் கீழ போகுது?"

"மேல இருக்கறதாலதானுங்க," என்றார் சென்னியப்பன்.

"அப்பப் பலகையப் படுக்க வெச்சா?"

மூவரும் அசந்துபோனார்கள். சுவரிலிருந்து பலகையைக் கழற்றி மேஜையில் கிடத்தினார்கள். கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தார்கள். நாச்சிமுத்து சமையல்கட்டுக்குப் போய், "ரசத்துல உப்பு பத்தல" என்றார். கூடத்தில் இடி மாதிரி கேட்டது.

"இந்தப் பக்கம் ஒரு நூல் சாஞ்சிருக்குது," என்ற மாரப்பன், கோகிலாவின் கல்யாணப் பத்திரிகையை மடித்து மூலைக்கு அண்டக் கொடுத்தார். அப்போதும் உப்பு பற்றவில்லை.

"தலைகீழா நிறுத்துவோம். அதுக்கு மேல சத்தம் ஏறட்டும் பாக்கலாம்," என்றார் நாச்சிமுத்து.

நிறுத்தினார்கள். பின்னாலிருந்த ஒயர்கள் எல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தன. மண்டபமே அமைதியானது. மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பிறகுதான் மேடை மைக்கும் செத்துவிட்டது தெரிந்தது. ஒயர்களை மரியாதை வரிசைப்படி திரும்பச் சொருகினார்கள்: தலைவர் பெயர் போட்ட மைக்குக்கு முதல் துளை, மற்றதெல்லாம் அப்புறம். இப்போது சமையல்கட்டில் பேசுவது கூடத்தில் மட்டும் கேட்டது. மேடையில் பேசுவது சமையல்கட்டில் மட்டும் கேட்டது.

சென்னியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எம்புள்ள கல்யாணத்துல மந்திரம் அடுப்புக்குக் கேக்குமே! சம்பந்திக்கு வடைப் பேச்சுக் கேக்குமே!"

கோயம்புத்தூருக்கு மறுபடி போன் போனது. "அய்யா, உங்க கால்ல உழுந்து கேக்கறனுங்க," என்றார் கோயம்புத்தூர்க்காரர். "ஞாயித்துக்கெழம நான் வர்ற வரைக்கும் அந்தப் பலகையத் தொடாதீங்க."

கமிட்டி அவசரமாகக் கூடியது. "பலகையத் தொடாமச் சரிபண்ணோணும்," என்றார் மாரப்பன். "கூடத்துல கேக்கோணும்னா எங்க பேசோணும்?"

"சமையல்கட்டுலீங்க," என்றார் நாச்சிமுத்து.

"மந்திரம் எங்க கேக்கோணும்?"

"கூடத்துலீங்க."

"அப்ப ஐயர் எங்க உக்காரோணும்?"

சென்னியப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. தலைவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மணவறையைச் சமையல்கட்டில் கட்டினார்கள். அடுப்பும் அண்டாவும் மேடை ஏறின. ஐயர், மாப்பிள்ளை, பெண், மேளக்காரர்கள் ஆகியோருக்கே உள்ளே இடம் போதவில்லை. மற்றவர்கள் கூடத்தில் உட்கார்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெட்டிமேளம் கேட்டதும் எல்லாரும் எழுந்து பெட்டிமேல் அட்சதை போட்டார்கள். மேடையில் மயிலப்பன் உதவியாளர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தான். கூடத்துக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வடை மாவில் விழுந்த பல்லியைப் பற்றி அவன் சொன்னதை மணவறையில் இருந்தவர்கள் மட்டும் கேட்டார்கள்.

ராக்கியண்ணன் சென்னியப்பனைக் கட்டிக்கொண்டார். "சம்பந்தி, எத்தனையோ கல்யாணம் பாத்துட்டனுங்க. இப்பிடி ஒவ்வொரு எழுத்தும் சுத்தமா எங்கியும் கேட்டதில்லீங்க!"

பிறகு வழக்கம்போல எல்லாரும் மேடை ஏறினார்கள். மயிலப்பனிடம் பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்து, இருபக்கமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முறை என்றால் முறை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆரத்தி சுற்றி, கரண்டியோடு அவனை இறக்கி, பூ சுற்றிய காரில் ஏற்றினார்கள். சென்னியப்பன் காரின் பின்னாலேயே ஓடி, தெருமுனை வரை அழுதுவிட்டு வந்தார்.

கூடம் காலியாக இருந்தது. திடீரென்று ஒலிபெருக்கியில் கோகிலாவின் குரல் கேட்டது.

"அப்பா! நாங்க ரெண்டு பேரும் இன்னும் இங்கியேதான் இருக்கறோம். எங்களக் கூட்டிட்டுப் போக யாரும் வல்லியாப்பா?"

சென்னியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைவர் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா தலைவரே? எம்பொண்ணு புருசன் ஊட்டுக்கே போயிட்டா. இருந்தும் பக்கத்துல நின்னு பேசறாப்ல எத்தன தெளிவாக் கேக்குது பாருங்க!"