தாயை நம்பாத கொட்டை

அந்தக் காலத்தில், வெட்டுப்பட்ட மரத்துக்குக்கூட வாய் ஓயாத காலத்தில், தேரிக்காட்டில் ஒரு முந்திரிமரம் இருந்தாள். தேரி என்றால் செம்மணல் மேடு. அந்த மேடு ஓரிடத்தில் நிற்காது. ஆடிக் காற்று கிளம்பினால் அதுவும் எழுந்து நடக்கும். அப்படிப்பட்ட மண்ணில் அவளை யாரும் நட்டுவைக்கவில்லை. யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை. காகம் கொத்திவந்து போட்ட கொட்டையிலிருந்து முளைத்து, காற்று அடித்த பக்கமெல்லாம் வளைந்து, வெயிலோடு மல்லுக்கட்டித் தானாக வளர்ந்தவள்.

அவளுக்கு யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. அவளும் கொடுத்ததில்லை. நிழலில் ஒதுங்கும் ஆடு வேரடியில் புழுக்கை போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். கிளையில் உட்காரும் கொக்கு மழை எப்போது வரும் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காரவேண்டும். யாராவது முகத்தைச் சுளித்தால், "சும்மா கொடுக்க நான் என்ன ஊர்ப் பொதுக்கிணறா?" என்று சீறுவாள். கோபம் வந்தால் இலையெல்லாம் சடசடக்கும். பேரத்தில் அவளை ஜெயித்தவர் அந்தக் காட்டில் இல்லை.

அவளிடம் ஒரு சொத்து இருந்தது. பட்டைக்கு உள்ளே கறுப்பாக, கெட்டியாக ஓடிய எண்ணெய். தொட்டவன் தோல் பொத்துப்போகும். கறையான் கிட்ட வராது. மழை பட்டாலும் உள்ளே இறங்காது. வெயில் காய்ச்சினாலும் பட்டை வெடிக்காது. சுற்றியிருந்த மரமெல்லாம் உளுத்து விழுந்தபோது அவள் மட்டும் நின்றாள் என்றால் அந்த எண்ணெயால்தான். கொட்டைகளோ அப்போதெல்லாம் மாங்கொட்டை மாதிரி பழத்தின் வயிற்றுக்குள்ளே, மெத்தென்ற தோலோடு, ஒன்றும் தெரியாமல் படுத்திருந்தன.

அவளுக்கு ஒரே ஒரு துயரம். கீழே விழுந்த பிள்ளை முளைக்கும், இரண்டு இலை விடும், அதற்குள் மணல் நடந்து வந்து மூடிவிடும். ஒவ்வொரு ஆடியிலும் இதைக் கண்ணெதிரே பார்த்தாள். எத்தனை பூத்தாலும், எத்தனை காய்த்தாலும், தனக்குப் பின் நிற்க ஒரு பிள்ளை இல்லை. மேட்டுக்குக் கீழே காயல், அதாவது உப்பங்கழி; அதற்கு அக்கரையில் கரிசல் மண் இருந்தது. நடக்காத மண். ஒரே ஒரு பிள்ளையாவது அங்கே மரமாக நிற்பதைப் பார்த்துவிட்டால் போதும் என்பதுதான் அவள் ஆசை.

காயல் கரையில் ஒரு தோணி கிடந்தது. அக்கரையில் மாமரமாக நின்று, வெட்டுப்பட்டுத் தோணியானவன். பல கோடை வெயில் தின்று பலகையெல்லாம் சாம்பல் நிறமாகி, ஊசி நுழைகிற விரிசல்களோடு கிடந்தான். ஒருநாள் அவனே பேச்சை எடுத்தான்.

"அக்கா, உன் எண்ணெயைக் கொஞ்சம் கொடு. உன் பிள்ளைகளை நான் அக்கரையில் இறக்கிவிடுகிறேன். நான் பிறந்த மண். அங்கே எது போட்டாலும் நிற்கும்."

அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முகத்தில் காட்டுவாளா?

"கொஞ்சம் என்றால் எவ்வளவு?"

"உடம்பு முழுக்க. ஆனால் மேலே தடவினால் போதாது அக்கா. மரம் குடிக்கணும். நன்றாகக் காய்ந்த பலகையில் தடவி, குடிக்கவிட்டு, மறுபடி தடவி, போதும் என்று நானே சொல்கிறவரைக்கும் கொடுக்கணும். குடித்தது போக மிச்சத்தைத் துடைத்துவிடணும்."

"எண்ணெய் பூசிக்கொள்கிறாயா, கல்யாணப் பந்தியில் உட்காருகிறாயா?"

"வெயில் தின்ன உடம்பு அக்கா. ஒவ்வொரு விரிசலும் ஒரு வாய்."

"சரி, அடிப்பக்கம் மட்டும் தருகிறேன்."

"மழை அடியிலிருந்தா பெய்கிறது?"

"அப்படியானால் மேல்பக்கம் மட்டும்."

"காயல் மேலேயா இருக்கிறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "வாய் மட்டும் உளுக்கவில்லை உனக்கு" என்றாள்.

இப்படியே பேரம் இழுத்தது. போகும்போது பிள்ளைகள், திரும்பும்போது ஒரு தோணி கரிசல் மண் வேண்டும் என்றாள். சரி என்றான். அதுவும் ஒரு தடவை போதாது, வருஷா வருஷம் வேண்டும் என்றாள். அதற்கும் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினான். அவன் இறங்க இறங்க அவள் ஏறினாள். வைகாசி போய் ஆனியும் பாதி தாண்டிவிட்டது. மணல் மேட்டின் உச்சியில் தூசி எழும்ப ஆரம்பித்தது.

கடைசியில் தோணி, "முதலில் மாதிரி காட்டு அக்கா. உன் எண்ணெய் எப்படி என்று பார்க்கிறேன்" என்றான்.

பூசுகிற வேலைக்கு ஒரு கீரி இருந்தான். வாலில் அடர்ந்த மயிர், எண்ணெய் தோலுக்கு எட்டாது. பழம் கொடுத்தால் எந்த வேலையும் செய்வான். அவளை மதினி என்று கூப்பிட்டு வம்பிழுப்பான். அவன் வாலை எண்ணெயில் தோய்த்து, தோணியின் மூக்குப் பக்கம், அதாவது அணியத்தில், தடவினான். பலகை குடித்தது. மறுபடி தடவினான். மறுபடியும் குடித்தது. இனி இறங்காது என்ற நிலையில் மிச்சத்தை ஒரு தேங்காய் மட்டையால் துடைத்தான். சாம்பல் நிறம் போய் அணியம் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. பச்சை மரமாக நின்றபோது இருந்த ரேகையெல்லாம் மேலே வந்தது.

தோணிக்குக் கண் கலங்கியது. "இது போதும் அக்கா. பேச்சு முடிந்தது. ஏற்றுகிற வேலையைப் பார்."

அன்று அவள் யோசித்தாள். அணியம் ஒன்றுக்கே இவ்வளவு குடித்தவன், உடம்பு முழுக்கக் கொடுத்தால் என்னை உறிஞ்சிப் போட்டுவிடுவானே! அப்புறம் கறையானுக்கு யார் பதில் சொல்வது? கடனுக்கா வளர்ந்தேன் நான்? போவது ஒரு பொழுதுப் பயணம். அதற்கு எதற்கு ஊற ஊற எண்ணெய்? அவன் பல வருஷம் வாழ நான் ஏன் வற்றவேண்டும்?

கீரியைக் கூப்பிட்டாள். "கொழுந்தனாரே, மீதி உடம்புக்கு என் பிசினைக் கரைத்துப் பூசு. மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொள், வாசனைக்கு."

கீரி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றான். "மதினி, ஏறப்போவது உன் பிள்ளைகள்தானே?"

"ஏறுவது என் பிள்ளை, பூசுவது என் எண்ணெய். உனக்கு என்ன வலிக்கிறது? பழம் வேண்டுமா, வேண்டாமா?"

கீரிக்குப் பழம் வேண்டும்.

பிசின் பூசிய பலகை வெயிலில் காய்ந்ததும் கண்ணாடி மாதிரி மின்னியது. விரிசல் ஒன்றும் கண்ணில் படவில்லை. தோணி மட்டும் சந்தேகத்தோடு கேட்டான்.

"அக்கா, அணியத்தில் தடவியபோது உள்ளே இறங்குவது தெரிந்தது. இப்போது மேலேயே நிற்கிற மாதிரி இருக்கிறதே?"

அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. தப்பு செய்தவளுக்கு வருகிற கோபம். "சாப்பிடத் தெரியாதவன் சமையலைக் குறை சொன்னானாம்! இத்தனை வருஷம் காய்ந்து கிடந்த உடம்பு, குடிக்க மறந்திருக்கும். அதற்கு நானா பொறுப்பு? தண்ணீரில் போய் முகத்தைப் பார். மாப்பிள்ளை மாதிரி மின்னுகிறாய். இதற்கு மேல் என்ன வேண்டும்?"

தோணி தண்ணீரில் பார்த்தான். மின்னத்தான் செய்தது. அதையே நம்பிவிட்டான்.

ஆடி பிறந்த மறுநாள் பழங்கள் எல்லாம் உதிர்ந்தன. பிள்ளைகள் பழத்தோடு உருண்டு தோணியில் ஏறின. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஓரத்து இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு, ஒரே கூச்சல். கடைக்குட்டி மட்டும் அணியத்தில் ஏறி உட்கார்ந்து, "நான்தான் முதலில் இறங்குவேன்!" என்று கத்தினான்.

"இறங்கினதும் தள்ளித் தள்ளி நில்லுங்கள்!" என்று அவள் கரையிலிருந்து கத்தினாள். "ஒருத்தர் நிழலில் ஒருத்தர் நிற்கக் கூடாது! யாராவது எதையாவது கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள்!"

தோணி சிரித்துக்கொண்டே போனான்.

காயலின் பாதிவரை மினுமினுப்பு தெரிந்தது. கரையோர மேட்டில் நின்ற அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அதற்கப்புறம் அந்த மினுமினுப்பு பால் மாதிரி வெளுத்தது. பிறகு பாம்புச்சட்டை உரிகிற மாதிரி பட்டை பட்டையாக உரிந்து தண்ணீரில் மிதந்தது. பிசின் வெயிலுக்குத்தான் நிற்கும், தண்ணீருக்கு நிற்காது. அது அவளுக்குத் தெரியாததா? அவள் உடம்பில் ஊறிய பிசின்.

"திரும்புடா!" என்றாள். காற்று அவள் குரலைப் பிடுங்கி மணலுக்குள் போட்டது. "டேய் தம்பி, திரும்பு! நீ கேட்டதெல்லாம் தருகிறேன், திரும்பு!"

தோணி தாழ்ந்துகொண்டே போனான். விரிசல்கள் எல்லாம் வாயைத் திறந்தன. அவள் கொடுக்காத எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீரைக் குடித்தன. பிள்ளைகளின் கூச்சல் முதலில் விளையாட்டுக் கூச்சல் மாதிரியே இருந்தது. பிறகு அப்படி இல்லை. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ஓட அவளுக்குக் கால் இல்லை. மரம். பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் அலை ஒரு துண்டைக் கரையில் கொண்டுவந்து போட்டது. அணியம். மற்றதெல்லாம் பிளந்து போயிருக்க, அது மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே ஏறாமல் மிதந்து வந்திருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைக்குட்டி இருந்தான். பழம் கரைந்துபோய், வெறும் கொட்டையாக.

"என் ராசா..." என்று கிளையைத் தாழ்த்தினாள்.

அவன் நகரவில்லை. "தோணி மாமா முழுகும்போது என்ன சொன்னார் தெரியுமா அம்மா?"

"திட்டினானா? திட்டட்டும்."

"திட்டவில்லை. 'உங்கள் அம்மா எண்ணெய் நல்ல எண்ணெய்தான் பிள்ளைகளா. எனக்குத்தான் குடிக்கத் தெரியாமல் போச்சு. மன்னித்துவிடுங்கள்' என்றார்."

அவள் இலைகளில் ஒன்றுகூட அசையவில்லை.

கடைக்குட்டி அணியத்தை முகர்ந்து பார்த்தான். அதன் உடைந்த முனையை முகர்ந்தான். எண்ணெய் உள்மரம்வரை ஏறியிருந்தது. "மாமாவுக்குக் குடிக்கத் தெரிந்திருக்கிறதே. இங்கே இவ்வளவு குடித்திருக்கிறாரே. மற்ற இடத்தில் ஏன் குடிக்கவில்லை?"

கீரி மெதுவாகப் புதருக்குள் போய்விட்டான்.

"ஒரு பொழுதுப் பயணம்தானே என்று..." என்று அவள் ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. முடிப்பதற்கு அந்த வாக்கியத்தில் ஒன்றும் இல்லை. "வா கண்ணா. அடுத்த பழத்துக்குள் வந்து படுத்துக்கொள். இனி உன்னை வெளியே அனுப்பமாட்டேன்."

"வேண்டாம். உன் வயிற்றுக்குள் இருந்தவர்கள்தான் எல்லோரும் போனார்கள்."

"அப்புறம் என்னதான் வேண்டும் உனக்கு?"

"எண்ணெய்."

"எவ்வளவு?"

"எல்லாம்."

'பாதி' என்ற சொல் பழக்கதோஷத்தில் அவள் வாய்வரை வந்துவிட்டது. அதைக் கடித்து விழுங்கினாள். பட்டையைத் தானே கிழித்துக்கொண்டு எண்ணெய் முழுவதையும் அவன்மேல் ஊற்றினாள். வாழ்க்கையில் முதல்தடவையாகப் பேரம் பேசாமல் கொடுத்தது அதுதான். வாங்கியவன் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அவன் மெத்தென்ற தோல் அந்த எண்ணெயைக் குடித்துக் குடித்துத் தடித்தது, ஓடாக இறுகியது. யார் பல் வைத்தாலும் வாய் வெந்துபோகும்படி ஆனது.

அணியப் பலகை மணலில் நட்டுக்கொண்டு நின்றது. அதன் மறைவில் அவன் இறங்கி முளைத்தான். ஆடிக் காற்றில் மேடு நடந்து வந்தது, பலகையில் மோதி இரண்டாகப் பிரிந்து போனது. மூன்றாவது இலை விட்டான். நான்காவதும் விட்டான். மரமானான். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. கண்ணெதிரே ஒரு பிள்ளை மரமாக நின்றான். ஆனால் ஒருநாளும் அவளிடம் பேசவில்லை. எண்ணெய் வற்றிய அவள் பட்டையில் கறையான் ஏறியது. அவள் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன விலை கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளை முதல்தடவை காய்த்தபோது காடே வந்து வேடிக்கை பார்த்தது. பழம் மேலே சிவந்து தொங்கியது. கொட்டை பழத்துக்குள் இல்லை. வெளியே, அடியில், தன்னந்தனியாக முதுகை வளைத்துக்கொண்டு தொங்கியது.

"உள்ளே இடம் இருக்கிறதே, ஏன் வெயிலில் தொங்குகிறாய்?" என்று கொக்கு கேட்டது.

"பெற்றவள் வயிற்றை நம்பிப் படுத்தவர்கள் காயலுக்கு அடியில் இருக்கிறார்கள்" என்றது கொட்டை. "எனக்கு வேண்டியது என் தோலிலேயே இருக்கிறது."

அன்று முதல்தான் முந்திரிக்கொட்டை தன் எண்ணெயைத் தன் ஓட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பழத்துக்கு வெளியே தொங்குகிறது. வெயிலிலும் மழையிலும் நிற்கிற தோணிக்கும் வாசல் கதவுக்கும் எண்ணெய் வேண்டுமென்றால் மனிதர்கள் அந்தக் கொட்டையைத்தான் சுட்டு எடுக்கிறார்கள், கை வெந்தாலும் பரவாயில்லை என்று. தாய்மரத்திடம் யாரும் கேட்பதில்லை. அவளும் வருஷா வருஷம் பழத்தைத் தித்திக்கத் தித்திக்கப் பழுக்கவைத்துத்தான் பார்க்கிறாள். இதுவரை ஒரு கொட்டைகூட உள்ளே போகவில்லை.