மூன்று புள்ளிகள்

சிஷ்யைக்கு ஐம்பத்தொரு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு.

சிஷ்யை மரியபுஷ்பம் அரசு ஆஸ்பத்திரியில் செவிலியர் கண்காணிப்பாளர். அவர் வார்டுக்குள் கால் வைத்தால் டியூட்டி டாக்டர்கூட செல்போனைப் பைக்குள் போட்டுக்கொள்வார். குரு நூருன்னிசா பல்கலைக்கழகத்தில் ஆய்வு நெறியாளர். நோயாளி பேசினால் எப்படிக் கேட்பது என்பதுதான் அவர் சொல்லிக்கொடுக்கும் பாடம். முப்பது வருஷம் வார்டில் நின்றவளுக்கு இது என்ன பெரிய பாடம் என்று நினைத்துத்தான் மரியபுஷ்பம் அவரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார்.

அன்று நண்பகலில் அவர் கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு வந்து, மேசைமேல் ஒரு கட்டுத் தாளைப் போட்டார்.

"மூணாம் அத்தியாயம் மேடம். படிச்சா வயிறு எரியும்."

"உக்காருங்க அக்கா. தண்ணி குடிங்க."

"தண்ணி இறங்காது. மனுஷங்களா அவங்க? முப்பது வருஷமா நான் சோறு தின்ன இடம். வெளிய சொல்ல எனக்கே கூசுது."

"யாரைப் பத்திச் சொல்றீங்க?"

"பதினேழு."

ஆய்வில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். பதினேழாம் எண்ணுக்கு அது தலைப்பிரசவம். பிள்ளை தங்கவில்லை. ரத்தம் நிற்காமல் போகவே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்தது குற்றமில்லை, எடுத்ததால்தான் அவள் உயிரோடு இருக்கிறாள். ஆனால் அவளிடம் யாரும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட புருஷனும் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து நாளாக ஒரு வார்டு முழுவதற்கும் தெரிந்த விஷயம், அந்த ஒருத்திக்கு மட்டும் தெரியாது.

"அவ கேக்குறது ஒரே கேள்வி மேடம். அடுத்த பிள்ளைக்கு எத்தனை மாசம் பொறுக்கணும்? பெரிய டாக்டரம்மாகிட்ட கேட்டிருக்கா. சின்ன டாக்டர்கிட்ட, ஊசி போட வர்ற பிள்ளைககிட்ட. கடைசியில தரை துடைக்க வந்தவளையும் விடல, அவகிட்டயும் கேட்டிருக்கா. பதினோரு பேர்! பதினோரு பேரும் சொல்லிவச்ச மாதிரி ஒரே பதில்."

"என்ன பதில்?"

"'முதல்ல உடம்பைத் தேத்து.'" மரியபுஷ்பம் மேசையில் ஓங்கித் தட்டினார். "அதையேதான் அத்தியாயத்துக்குத் தலைப்பா வச்சிருக்கேன். படிக்கிறவனுக்கு வெளக்குமாத்தால அடிச்ச மாதிரி இருக்கணும்."

நூருன்னிசா படித்தார். நிதானமாகப் படிப்பவர் அவர். மரியபுஷ்பத்துக்கு அதுவே எப்போதும் எரிச்சல். எழுத்தில் அனல் பறந்தது. பதினோரு பேரும் ஒளிய இடமில்லாமல் நடுவெயிலில் நின்றார்கள். பின்னிணைப்பில் பதினேழின் பேச்சு வார்த்தைக்கு வார்த்தை இருந்தது. குருவின் விரல் அங்கே நின்றது.

"இங்க மூணு புள்ளி வச்சிருக்கீங்க."

"அது நான் பேசினது மேடம். நோயாளி குரல்தான கேக்கணும், நம்ம பேச்சு எதுக்குன்னு எடுத்துட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"நாலஞ்சு இடத்துல இருக்கு."

"இருக்கும்."

"பதிவை வச்சிருக்கீங்களா?"

மரியபுஷ்பம் செல்போனை எடுத்து வைத்தார். கேட்கட்டும், கேட்டால் இவருக்கும் ரத்தம் கொதிக்கும்.

முதலில் மின்விசிறிச் சத்தம். ஒரு தள்ளுவண்டி கடந்து போனது. எங்கோ பச்சைப்பிள்ளை அழுதது.

"என் பேரு இசக்கியம்மா."

"பேரெல்லாம் வேண்டாம்மா. இங்க உன்னை எப்படிப் பாத்துக்கிட்டாங்க, சொல்லு."

"நல்லாத்தான் பாத்தாவ. யக்கா, நீங்க பெரிய நர்ஸுதான? ஒண்ணு கேக்கட்டா? அடுத்ததுக்கு எத்தனை மாசம் விடணும்?"

"அது டாக்டர் சொல்லுவாங்க. மருந்து தரும்போது எதுக்குன்னு விளக்கிச் சொன்னாங்களா?"

"சொன்னாவ. அதில்லக்கா. ஆடிக்குள்ள உண்டாயிட்டா எங்க மாமியா வாய் அடங்கிரும். ஆறு மாசம் போதுமா?"

மறுபடி மின்விசிறி. அப்புறம் மரியபுஷ்பத்தின் குரல், வார்டே நம்பும் அந்தக் கனிந்த குரல்:

"முதல்ல உடம்பைத் தேத்தும்மா. அடுத்த கேள்விக்கு வருவோம்."

மரியபுஷ்பத்தின் கை செல்போனை நோக்கிப் போனது. அதற்குள் நூருன்னிசாவே பதிவை நிறுத்திவிட்டார். ஒரு பென்சிலை எடுத்தார். முதல் பக்கத்தில் 'பதினோரு பேர்' என்று இருந்ததை அடித்தார். மேலே சின்னதாக 'பன்னிரண்டு' என்று எழுதினார்.

"இது அநியாயம் மேடம்!" மரியபுஷ்பம் எழுந்தே விட்டார். "நான் ஆய்வுக்குப் போனவ. வைத்தியத்துல தலையிட மாட்டேன்னு ஆய்வு நெறிமுறைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். நீங்கதான் கொடுக்கச் சொன்னீங்க!"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். நான் எந்த உரிமையில சொல்ல?"

"தரை துடைக்கிற அம்மாவையும் நீங்க பேட்டி எடுத்தீங்கல்ல? ஏன் அவகிட்ட சொல்லலைன்னு கேட்டதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

மரியபுஷ்பத்தின் கண் மேசைமேல் இருந்த தாள்கட்டுக்குப் போனது. அந்தப் பதில் இருபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. 'அதைச் சொல்ல நான் யாரு தாயி?' அதற்குக் கீழே அரைப் பக்கத்துக்கு அவர் சாட்டை வீசியிருந்தார். நல்லா வந்திருக்கு என்று நேற்று அந்த இடத்தைத்தான் இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

"இசக்கியம்மா இன்னும் வார்டுலதான் இருக்காளா?"

"இருக்கா. தையல் ஆறிட்டு. இன்னிக்கு மூணு மணிக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால்.

"பெரிய டாக்டரம்மா ரெண்டு மணிக்குக் கிளம்பிருவாங்க," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து அவ பக்கத்துல உக்கார வைக்கணும்."

"அவங்களே உங்களைக் கண்டா பயப்படுவாங்கன்னு கேள்விப்பட்டேன்."

மரியபுஷ்பம் சிரிக்கவில்லை. செல்போனைப் பைக்குள் போட்டார். வாசல்வரை போனவர் பழக்கதோஷத்தில் திரும்பி மேசையைப் பார்த்தார்.

"மேடம், இந்த அத்தியாயம்..."

"அது இங்கயே கிடக்கும் அக்கா. இசக்கியம்மா மூணு மணிக்குப் போயிருவா."