அலுங்குக்குத் தைத்த போர்வை

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேச வாய் இருந்தது. வேண்டியதை வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அப்போது சிறுமலை அடிவாரத்தில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். கிழிந்த சேலை, நைந்த வேட்டி, மூட்டைத் துணி என்று எதைக் கொடுத்தாலும் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துப் போர்வையாக்கித் தந்துவிடுவாள். மனிதர்களுக்குத் தைத்தது போக மிச்ச நேரத்தில் காட்டு விலங்குகளுக்கும் தைத்தாள். கையில் அப்படி ஒரு நேர்த்தி. நேர்த்திக்குச் சமமாகப் பிடிவாதமும் உண்டு, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

துண்டுகளைச் சேர்க்கப் பல தையல்கள் இருக்கின்றன. ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போனால் அது ஓட்டுத் தையல். சீக்கிரம் முடியும், துணியும் இளகி நிற்கும். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு தடவை பின்னால் வந்து மறுபடி முன்னே போனால் அது கெட்டித் தையல். நேரம் பிடிக்கும், ஆனால் துணியே கிழிந்தாலும் தையல் விடாது. சிலம்பாயிக்கு இரண்டும் அத்துப்படி. கல்யாணமான புதிதில் புருஷனுடைய கழுதைக்கு உப்புப் பொதி ஒன்றை ஓட்டுத் தையலில் தைத்துக் கொடுத்தாள். மலையேறும்போது பாதி வழியில் தையல் பிரிந்து, உப்பு மொத்தமும் ஓடையில் விழுந்து கரைந்து போயிற்று. ஊரே ஒரு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அதற்குப் பிறகு குழந்தைத் துணியானாலும் கூடாரத் துணியானாலும் அவள் போட்டது கெட்டித் தையல் ஒன்றுதான்.

ஆமைக்கும் அப்படித்தான் தைத்தாள். புளியங்கொட்டைப் பசையில் ஊறவைத்து, வெயிலில் விறைக்கக் காய வைத்த துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து இறுக்கிக் கொடுத்தாள். ஆமைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் முதுகைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டது.

அதைக் கேள்விப்பட்டுத்தான் ஒரு நாள் காலையில் எறும்புதின்னி அலுங்கு வந்து வாசலில் நின்றது. அப்போதெல்லாம் அலுங்குக்கு உடம்பு முழுக்க வெறும் தோல்தான். வாலைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு அதன் குட்டியும் வந்திருந்தது. பிறந்து பத்து நாள்கூட இருக்காது.

“ஆத்தா, போன வருசம் பெத்த குட்டியைச் செந்நாய்க கொண்டுபோயிருச்சுக” என்றது அலுங்கு. “என் கண்ணு முன்னாலயே. இதையாச்சும் நான் காப்பாத்தணும்.”

“அதுக்கென்ன, உன் குட்டிக்குக் கெட்டியா ஒரு போர்வை தச்சுருவோம்.”

“குட்டிக்கு வேணாம் ஆத்தா. எனக்குத் தைங்க. நாய் வந்தா இதை வயித்தோட அணைச்சுச் சுருண்டுக்குவேன். போன தடவையும் சுருண்டுதான் கெடந்தேன். வெறும் தோலு பாருங்க, கடிச்சுப் பிரிச்சுப்புட்டுதுக. முதுகுல பல்லு எறங்காம இருந்தாப் போதும். கொஞ்சம் இளக்கமாத் தைங்க, உடம்பு வளையணும்.”

“இளக்கமாவா?” சிலம்பாயிக்கு அந்தச் சொல்லே ஆகாது. “இளக்கமாத் தச்சா நாய் ஒரு இழுப்பு இழுத்தா வாயோட வந்துரும். ஆமையைப் போயிப் பாரு. ஒரு நூலு விட்டிருக்கா?”

அலுங்கு கூச்சப்படுகிற பிராணி. யாரையும் எதிர்த்துப் பேசி அதற்குப் பழக்கமில்லை. “உங்களுக்குத் தெரியாததா ஆத்தா” என்று சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

ஐந்து நாள் பாடுபட்டுத் தைத்தாள் சிலம்பாயி. ஆவாரம்பட்டைச் சாயத்தில் துண்டுகளைத் தோய்த்து, பசையேற்றிக் காய வைத்தாள். மெல்லிய அடித்துணி ஒன்றை அலுங்கின் முதுகில், தலையிலிருந்து வால்நுனி வரைக்கும், பசை போட்டு ஒட்டினாள். அதன்மேல் ஓட்டு வீட்டுக் கூரை வேய்கிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி துண்டுகளை வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் நாலு பக்கமும் கெட்டித் தையல் போட்டாள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே கண் நிறைந்துபோயிற்று.

அலுங்கு விறைப்பாக நடந்தது. குனிய முடியவில்லை, திரும்ப முடியவில்லை. “போகப் போகப் பழகிரும்” என்றாள் சிலம்பாயி. தைத்துக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் சொல்கிற பேச்சுதான் அது.

மூன்றாம் நாள் சாயத்துக்குப் பட்டை உரிக்கக் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். ஆவாரம் புதரில் கை வைத்த நேரத்தில் ஒரு கத்தல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், பெரிய புற்று ஒன்றில் பின்பக்கத்தை முட்டிக்கொண்டு அலுங்கு நின்றிருந்தது. மூன்று பக்கமும் செந்நாய்கள். வயிற்றுக்கடியில் குட்டியைத் தள்ளித் தள்ளி, சுருளப் பார்த்தது அலுங்கு. வளைய முடியவில்லை. இழுத்துப் பிடித்த முதுகு இம்மிகூட அசையவில்லை. குட்டியின் பின்பாதி வெளியே கிடந்து நடுங்கியது.

நாயால் வந்த வினை இல்லை இது, என் ஊசியால் வந்தது என்று சிலம்பாயிக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

கத்தியை வீசிக்கொண்டு நடுவில் பாய்ந்தாள். நாய்கள் நாலடி பின்வாங்கின. அலுங்கின் பக்கத்தில் மண்டியிட்டு, முதல் துண்டின் நூலில் கத்தியை வைத்தாள். தான் போட்ட தையலைத் தானே அறுத்துப் பழகாத கை, ஒரு கணம் தயங்கியது. எல்லாவற்றையும் அறுத்துவிட்டால் துண்டுகள் உதிர்ந்து, மறுபடி வெறும் தோல்தான் மிஞ்சும். அறுக்காவிட்டால் குட்டி போய்விடும். எந்தத் தையல் இருக்க வேண்டும், எது போக வேண்டும்?

மேல் விளிம்பை விட்டாள். மற்ற மூன்று பக்கத்தையும் அறுத்தாள்.

“தச்சவளே அவுக்க வந்துட்டாளே! நமக்கு வேலை மிச்சம்” என்று சிரித்தது கூட்டத்தின் மூத்த நாய்.

சிலம்பாயி அலுங்கின் தலையிலிருந்து வரிசை வரிசையாக அறுத்துக்கொண்டே வந்தாள். ஒரு வரிசை விட்டதும் அலுங்கின் முதுகு ஒரு விரல் அளவு வளைந்தது. அடுத்தது விட்டதும் இன்னும் கொஞ்சம். ஒரு நாய் அவள் முந்தானையைக் கவ்வி இழுத்தது. கிழிந்தால் கிழியட்டும் என்று விட்டுவிட்டாள். இன்னொன்று குதிகாலைக் கடித்தது. “சுருளுடி, சுருளு!” என்று அழுகையும் கத்தலுமாக வால் வரைக்கும் அறுத்து முடித்தாள்.

அலுங்கு குட்டியை வாரி வயிற்றில் சேர்த்துச் சுருண்டது. மூத்த நாய் பாய்ந்து கடித்தது. மேல்நுனியில் மட்டும் தொங்கிய துண்டுகள் விரிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பல்லுக்கு இடம் கொடுக்காமல் மூடிக்கொண்டன. நாய்கள் உருட்டிப் பார்த்தன, பிறாண்டிப் பார்த்தன. கடைசியில், விறைத்த விளிம்பு கிழித்த வாயில் ரத்தத்தோடு ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன.

நாய்கள் போய் வெகு நேரம் கழித்துத்தான் அலுங்கு விரிந்தது. குட்டி உள்ளே பத்திரமாக இருந்தது. பால் குடித்துக்கொண்டிருந்தது.

சிலம்பாயி கடிபட்ட காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். “நீ சொல்லத்தானே செஞ்சே. நாந்தான் காதுல வாங்கலே. என்னோட பழைய வெக்கத்தை உன் முதுகுல வச்சுத் தச்சுப்புட்டேன்.”

“விடுங்க ஆத்தா. வந்துட்டீங்கல்ல” என்றது அலுங்கு.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கொண்டையிலிருந்து ஊசியை எடுத்தாள். “வயித்துக்கும் இதே மாதிரி மேல்நுனியை மட்டும் பிடிச்சு நாலு வரிசை வச்சுத் தர்றேன். நல்லாவே வளையும்.”

“வயித்துல வேணாம் ஆத்தா. குட்டி மூஞ்சி வைக்கிற எடம், உறுத்தும்.”

“சுருளும்போது எங்கேயாச்சும் சந்து விழுந்துட்டா?”

“விழாமப் புடிச்சுக்குவேன்.”

வேறொரு நாளாக இருந்திருந்தால் சிலம்பாயி விட்டிருக்க மாட்டாள். அன்றைக்கு ஊசியைக் கொண்டையிலேயே செருகிக்கொண்டாள்.

அந்தத் துண்டுகள்தான் அலுங்கின் செதில்கள். அன்று முதல் அவை மேல் விளிம்பில் மட்டும் பிடித்து, மற்ற பக்கமெல்லாம் விட்டு நிற்கின்றன. ஆபத்து வந்தால் அலுங்கு ஓடுவதில்லை, குட்டியை அணைத்துச் சுருண்டுகொள்கிறது. தலையிலிருந்து வால்நுனி வரைக்கும் அத்தனை செதில் இருந்தும், குட்டி முகம் வைக்கிற வயிற்றில் மட்டும் இன்று வரைக்கும் வெறும் தோல்தான்.