கொக்கலாங்குளத்தார் உறவு தேடிய கதை

கொக்கலாங்குளத்தாரைப் பற்றி ஒரு நல்ல விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அந்த ஊருக்கு வந்த அத்தனை வினையும் அதனால்தான் வந்தது.

அங்கே வம்சாவளிச் சங்கம் என்று ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற குணவதி டீச்சர் ஆரம்பித்தது. யாருக்கு யார் பாட்டன், யாருக்கு யார் பூட்டன், எந்தக் குடும்பம் எந்தப் பஞ்சத்தில் எந்தச் சீமைக்குக் கப்பல் ஏறியது என்றெல்லாம் விசாரித்து எழுதி வைப்பது அதன் வேலை. தொண்டர்கள் நாலு பேர். சைக்கிள் கடை மாணிக்கராசு, ஆட்டு வியாபாரி சொர்ணப்பன், தையற்காரர் அருளப்பன், இட்லிக்கடை பேச்சியம்மாள். நாலு பேருக்கும் சேவை செய்ய ஆசை மலையளவு. அதில் மாணிக்கராசுக்கு ஒரு பிடி கூடுதல். டீச்சர் தும்மினால்கூட அது ஏதாவது உத்தரவாக இருக்குமோ என்று எழுந்து நிற்பார்.

முதல் வேலையாக டீச்சர் அவரைச் சுடலைமணித் தாத்தா வீட்டுக்கு அனுப்பினார். "அவரு சொல்லுததை ஒரு வார்த்தை விடாம எழுதிட்டு வாரும்" என்றார். மாணிக்கராசு நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'யாருல அது. கதவைச் சாத்து. நாய் உள்ள வருது. லொக்கு லொக்கு. லொக்கு. சாத்துன்னு சொல்லுதேன்லா.'

நாற்பது பக்கமும் இப்படியே.

"இதுல அவரு பாட்டன் பேரு எங்கவே?"

"அவரு சொல்லலை டீச்சர். சுவத்துல ஒரு போட்டோ இருந்துச்சு, அதுக்குக் கீழ பேரு எழுதியிருந்துச்சு. அதைக் கையாலதான் காட்டினாரு. கை காட்டினதை வார்த்தையில எப்படி எழுத?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்துவிட்டார்.

இப்படி இருக்கையில் மலேசியாவில் ஈப்போவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் புஷ்பராணி. அவருடைய அம்மாவின் தாத்தா சடையாண்டி, கொக்கலாங்குளத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவராம். 'அவர் சொந்தத்தில் யாராவது ஒருவர் முகத்தையாவது பார்த்துவிட ஆசை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்' என்று எழுதியிருந்தார்.

சங்கத்துக்குக் கடல் தாண்டி ஆள் வருவது அதுதான் முதல் தடவை. நூலகத்துக்குப் பின்னால் பந்தல் போட்டு, விருந்து வைத்து, உறவைச் சேர்த்து வைப்பது என்று முடிவாயிற்று. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது சனிக்கிழமை காலையில் டீச்சரின் மகளுக்குப் பிரசவ வலி என்று தென்காசியிலிருந்து போன் வந்தது. டீச்சர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒரு காகிதத்தை மாணிக்கராசு கையில் திணித்தார்.

"இது சடையாண்டி குடும்பத்துப் பட்டியல். அழைக்கிற பொறுப்பு உமக்கு. எல்லாரும் வந்தப்புறம் இலை போடுங்க. அந்தம்மா பஸ்ஸை விட்டு இறங்கினதுல இருந்து தரையில கால் படாமப் பாத்துக்கணும். என்ன கேட்டாலும் இல்லைன்னு சொல்லிரக்கூடாது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்திருவேன்."

ஆட்டோ போய்விட்டது. மாணிக்கராசு அந்த வார்த்தைகளை மூன்று தடவை மனப்பாடம் செய்துகொண்டார்.

பட்டியலைப் பிரித்தார்கள். பதினேழு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'லேட்' என்று எழுதியிருந்தது.

"லேட் இசக்கிமுத்து, லேட் பிச்சாண்டி, லேட் உலகம்மாள்..." என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார் மாணிக்கராசு. "பதினேழு பேருமேவா லேட்டு?"

"சில குடும்பம் அப்படித்தான்" என்றார் சொர்ணப்பன். "பாட்டன் லேட்டா வந்தா பேரனும் லேட்டாத்தான் வருவான். ரத்தத்துல உள்ளது."

"யாரு யாரு நேரத்துக்கு வரமாட்டாங்கன்னு டீச்சர் முன்கூட்டியே எழுதி வச்சிருக்காங்க பாத்தீரா" என்றார் அருளப்பன். "படிச்சவங்க படிச்சவங்கதான்."

மாணிக்கராசு அன்றைக்கே தாம்பூலத் தட்டோடு கிளம்பினார். இசக்கிமுத்து வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருந்தார்கள்.

"இசக்கிமுத்து இருக்காரா?"

"அவரு போயி இருவது வருசம் ஆச்சே" என்றாள் அந்த வீட்டுக்காரி.

"எப்ப வருவாரு?"

"வார இடத்துக்கா போயிருக்காரு!"

"பரவாயில்லம்மா. லேட்டாத்தான் வருவாருன்னு எங்களுக்கும் தெரியும். நாளைக்கு மத்தியானம் சாப்பாடு, வந்தா சொல்லிருங்க."

அவள் தட்டை வாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினேழு வீட்டிலும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. ஒரு வீட்டில் மட்டும் சாத்துவதற்குக் கதவு இல்லை. வீடே இல்லை. மாணிக்கராசு தட்டைக் குட்டிச்சுவர் மேல் வைத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் புஷ்பராணி வந்தார். நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு. படியில் ஒரு காலை வைத்து மறுகாலைத் தரையில் ஊன்றப் போனவரை, "ஊனிராதீங்கம்மா!" என்று ஒரு சத்தம் தடுத்தது. கீழே நார்க்கட்டிலோடு நாலு தொண்டர்களும் நின்றார்கள்.

என்ன ஏது என்று கேட்பதற்குள் அவர் கட்டிலில் இருந்தார். கட்டில் தோள்களில் இருந்தது. மாணிக்கராசு முன்னால் இடதுபக்கம், சொர்ணப்பன் வலதுபக்கம், பின்னால் அருளப்பனும் பேச்சியம்மாளும். நாலு பேர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனால் ஊர் என்ன நினைக்குமோ அதை நினைத்தது. டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள். ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "யாருப்பா, பாவம்?" என்று கேட்டார். கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "நான் ஈப்போவிலேர்ந்து வர்றேன்" என்றார் புஷ்பராணி. பெரியவர் அதற்குப் பிறகு மூன்று நாள் வெளியே வரவில்லை என்று சொல்கிறார்கள்.

"ஐயா, என்னை இறக்கி விடுங்களேன்" என்று கெஞ்சினார் அவர்.

"சரிம்மா" என்றார் மாணிக்கராசு. நடையை நிறுத்தவில்லை.

சொர்ணப்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏ மாணிக்கராசு, இறக்கச் சொல்லுதாங்க. இறக்கினா கால் தரையில படும். இறக்கலைன்னா அவங்க கேட்டதுக்கு இல்லைன்னு ஆயிரும். எதைச் செய்ய?"

மாணிக்கராசு கட்டில் காலைத் தோள் மாற்றிக்கொண்டு யோசித்தார். "இல்லைன்னு *சொல்லக்கூடாதுன்னுதான்* டீச்சர் சொன்னாங்க. கேட்டதைச் செய்யணும்னு சொல்லலையே. சரின்னு சொல்லிக்கிட்டே தூக்கிட்டுப் போவோம்."

இப்படி ஒரு மூளை நம்மிடையே இருக்கிறதே என்று மற்ற மூவருக்கும் பெருமையாக இருந்தது.

பந்தலில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் கட்டிலை ஏற்றினார்கள். புஷ்பராணி உச்சியில் உட்கார்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு, வந்த காரியத்தை ஆரம்பித்தார்.

"ஐயா, எங்க அம்மாவுக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். தாத்தா சடையாண்டிக்கு இங்க வேற சம்சாரம் ஏதும் இருந்துச்சுங்களா?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இல்லை என்று சொல்லக்கூடாது.

"ஆமாம்மா" என்றார் மாணிக்கராசு.

புஷ்பராணியின் முகம் மாறியது. "ஒண்ணா?"

"ஆமாம்மா."

"என்னாங்க, தயங்கிச் சொல்றீங்க? ரெண்டா?"

"ஆமாம்மா."

"ஐயோ! மூணா?"

சடையாண்டியை மாணிக்கராசு பார்த்ததில்லை. ஆனாலும் அந்த மனிதர் மேல் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. நாலாவது சம்சாரம் வரை அவர் மனசு தாங்கிக்கொண்டது. ஐந்தாவதில் குரல் இறங்கியது. ஏழாவதில், 'இந்தாளு கப்பல் ஏறினதே தப்பிச்சு ஓடத்தான் போலிருக்கு' என்று நினைத்துக்கொண்டே, "ஆமாம்மா" என்றார்.

புஷ்பராணி அழுதுகொண்டே ஈப்போவுக்குப் போன் செய்தார். போனில் அவருடைய அம்மா போட்ட சத்தம் பந்தலுக்கே கேட்டது. சுவரில் மாட்டியிருந்த தாத்தா படத்தை அங்கே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டார்களாம்.

பாயச வாசனைக்கு ஊர் கூடிவிட்டது. புஷ்பராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தில் ஒவ்வொருவராகக் காட்டிக் கேட்டார். "இவரு எங்க சொந்தமா?"

"ஆமாம்மா."

"அந்தக் குடை வச்சிருக்கவரு?"

"ஆமாம்மா." அவர் வாழையிலை போட வந்த வெளியூர்க்காரர். வாசலில் ஒரு ஆடு எட்டிப் பார்த்தது. நல்லவேளை, அதை அவர் கேட்கவில்லை.

மணி ஒன்றாயிற்று. இரண்டாயிற்று. பேச்சியம்மாள் கரண்டியோடு வந்தார். "சாம்பாரு ஆறிப்போச்சு. அவியலு தண்ணி விட்டிருச்சு. இலை போடலாமா?"

"பட்டியல்ல உள்ள ஒருத்தர்கூட வரலையே" என்றார் மாணிக்கராசு.

"லேட்டுன்னா இவ்வளவு லேட்டா?"

"மனுசங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும் பேச்சியக்கா."

இரண்டரை மணி பஸ்ஸில் குணவதி டீச்சர் வந்து இறங்கினார். பேரன் பிறந்திருந்தான். அந்தச் சந்தோஷம் பந்தல் வாசல் வரைக்கும்தான் இருந்தது. மேசைமேல் கட்டில், கட்டில்மேல் விருந்தாளி, விருந்தாளி கையில் ஏழு சக்களத்திகளின் கணக்கு, வெறும் வயிற்றோடு இருநூறு சொந்தக்காரர்கள்.

விவரம் கேட்டு முடிக்க டீச்சருக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. முதலில் புஷ்பராணியைக் கட்டிலோடு தரையில் இறக்கச் சொன்னார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சடையாண்டி கப்பல் ஏறினப்போ அவருக்குப் பதினாறு வயசு. அவருக்கு ஒரே சம்சாரம்தான். அது ஈப்போவுல கட்டின உங்க அம்மாவோட பாட்டிதான்" என்றார். புஷ்பராணி உடனே போனை எடுத்து, "அம்மா, தாத்தாவை எடுத்து மாட்டுங்க" என்றார்.

டீச்சர் தொண்டர்கள் பக்கம் திரும்பினார். "லேட்டுன்னா செத்துப்போனவங்கன்னு அர்த்தம்யா!"

மாணிக்கராசு தலையில் கை வைத்துக்கொண்டார். "பதினேழு பேருமா டீச்சர்? நேத்துதானே அழைச்சிட்டு வந்தேன்!"

புஷ்பராணியின் முகம் மறுபடி வாடியது. "அப்ப எனக்குன்னு இங்க ஒருத்தரும் இல்லைங்களா?"

"இருக்காரும்மா" என்று சொல்லிவிட்டு டீச்சர், "ஏன்யா, திருப்பிப் பாத்தீங்களா?" என்றார். நாலு பேரும் விழித்தார்கள். "திருப்பிப் பாருங்கய்யா!" என்று அதட்டினார். சொர்ணப்பன் பக்கத்திலிருந்த அருளப்பனின் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகைப் பார்த்தார். டீச்சர் பட்டியலைப் பிடுங்கி, காகிதத்தின் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரே ஒரு பெயர் இருந்தது. அதற்கு முன்னால் 'லேட்' இல்லை.

'மாணிக்கராசு, சைக்கிள் கடை. சடையாண்டியின் அண்ணன் பேரன்.'

"ஏன்வே, உம்ம தாத்தாவோட தம்பி கப்பல் ஏறிப் போனது உமக்குத் தெரியாதா?"

"தெரியும் டீச்சர். எங்கப்பா சொல்லியிருக்காரு."

"அதை ஏன் சொல்லலை?"

"என்னை யாரும் கேக்கலையே. நான்தானே எல்லாரையும் கேட்டுக்கிட்டிருந்தேன்."

புஷ்பராணி வாயைப் பொத்திக்கொண்டு மாணிக்கராசையே பார்த்தார். பஸ் நிலையத்திலிருந்து தன்னைத் தோளில் சுமந்து வந்த மனிதர். அம்மாவுக்கு அண்ணன் முறை. "மாமா..." என்றார். குரல் உடைந்துவிட்டது. மாணிக்கராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிடலாம்மா, ரொம்பப் பசிச்சிருப்பே" என்றார். ஊரே மூக்கை உறிஞ்சியது. பேச்சியம்மாள் இலைக்கட்டைப் பிரித்தார்.

"நிறுத்து!" என்றார் சொர்ணப்பன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தாய்மாமன்வே! தாய்மாமனுக்குத் தட்டு வச்சு அழைக்காம இலை போடுததா? எந்த ஊரு வழக்கம் இது?"

மாணிக்கராசுக்குச் சுருக்கென்றது. உண்மைதானே! பதினேழு வீட்டுக்குத் தட்டு போயிருக்கிறது. குட்டிச்சுவருக்குக்கூடப் போயிருக்கிறது. அவர் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால், அழைக்கும் பொறுப்பு யாருடையது என்று நினைத்தபோது அதைவிட அவமானமாக இருந்தது.

"தப்பு என் பேருலதான்" என்றார். "இப்பவே போயி முறையா அழைச்சிட்டு வந்திருதேன்."

டீச்சர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாணிக்கராசு வெற்றிலை, பாக்கு, பழத்தோடு சைக்கிளில் ஏறிவிட்டார். டீச்சர் மெல்ல நார்க்கட்டிலில் சாய்ந்து படுத்துக்கொண்டார்.

மாணிக்கராசு தன் வீட்டு வாசலில் இறங்கிக் கதவைத் தட்டினார். அவர் சம்சாரம் செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். அவளும் கொக்கலாங்குளத்தில் பிறந்து வளர்ந்தவள்தான்.

"மாணிக்கராசு இருக்காரா?" என்று முறையாகக் கேட்டார்.

"இல்லையே. காலையிலேயே சங்கத்துக்குப் போயிட்டாக."

தட்டைப் பணிவாக அவள் கையில் கொடுத்துவிட்டு, வந்த வேகத்தில் பந்தலுக்குத் திரும்பினார். வேர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்ததும் சொர்ணப்பன் ஓடி வந்தார்.

"என்னாச்சுவே? தாய்மாமன் வாராரா?"

"தட்டைக் குடுத்துட்டேன்" என்றார் மாணிக்கராசு. "ஆளு வீட்டுல இல்லை. இங்கதான் புறப்பட்டு வந்திருக்காராம். இப்ப வந்திருவாரு."

எல்லாருக்கும் இலை போட்டார்கள். முதல் வரிசையில் தாய்மாமனுக்கென்று பெரிய தலைவாழை இலையாக ஒன்றைப் போட்டு, யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டார்கள். அவர் வந்த பிறகுதான் பரிமாறுவது என்று முடிவாயிற்று. சாயங்காலம் ஆகியும் ஒருவரும் இலையில் கை வைக்கவில்லை. எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எல்லாரையும்விட ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாணிக்கராசுதான்.